பத்திர விலையும் பேச்சு விலையும்

2025-ம் ஆண்டு ஜூலை 4-ம் தேதி. அமெரிக்காவில் சுதந்திர தின விடுமுறை. அன்று பிட்காயின் உலகத்தில் எட்டு பழைய வாலட்டுகள் கண் விழித்தன. ஒவ்வொன்றிலும் 10 ஆயிரம் காசு. மொத்தம் 80 ஆயிரம். 2011 ஏப்ரல், மே மாதங்களில் உள்ளே போனவை. 14 ஆண்டுகள் அசையாமல் கிடந்துவிட்டு ஒரே நாளில் புது முகவரிகளுக்கு இடம் மாறின. உள்ளே போனபோது மொத்தத்துக்கும் சேர்த்துச் சில லட்சம் டாலர்தான் மதிப்பு. வெளியே வந்த அன்று சுமார் 860 கோடி டாலர்.

வாலட்டில் உரிமையாளர் பெயர் இருக்காது. ஆனால் எவ்வளவு காசு, எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் போனது என்பது சில நிமிடங்களில் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து ஜூலை 25 அன்று, கேலக்ஸி டிஜிட்டல் என்ற அமெரிக்க நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பெயர் சொல்லாத ஆரம்பகால முதலீட்டாளர் ஒருவருக்காக 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிட்காயின்களை விற்றுக் கொடுத்துவிட்டதாம். மதிப்பு 900 கோடி டாலருக்கு மேல். சந்தை லேசாகத் தடுமாறியது. இரண்டொரு நாளில் நிமிர்ந்துகொண்டது.

விற்றவரின் அதிர்ஷ்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். வாங்கியவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. 2011-ல் சில டாலருக்கு வாங்கிய காசை 2025-ல் 1 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து யாரோ சிலர் வாங்கிக்கொண்டார்கள். பழையவரின் லாபம் முழுவதும் புதியவர்களின் பையிலிருந்து வந்தது. பிட்காயின் விலை மலிவா, உச்சத்தில் நிற்கிறதா என்று கணிக்க இன்று புழங்கும் 'ஆன்-செயின்' அளவுகோல்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தை, யார் லாபத்துக்கு யார் பணம் போகிறது என்பதைத்தான் வெவ்வேறு விதமாக அளக்கின்றன.

பங்குச் சந்தையில் இந்தத் தொல்லை குறைவு. ஒரு நிறுவனத்துக்கு லாபம் என்று ஒன்று உண்டு. பங்கின் விலை அந்த லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்தால், அதிகமா குறைவா என்று ஓரளவு சொல்லிவிடலாம். வீடு என்றால் வாடகை இருக்கிறது. நிலம் என்றால் விளைச்சல் இருக்கிறது. பிட்காயினுக்கு லாபமும் இல்லை, வாடகையும் இல்லை, டிவிடெண்டும் இல்லை. 2 டாலருக்கு விற்றபோதும் அதேதான், 1 லட்சம் டாலருக்கு விற்றபோதும் அதேதான். எதை எதோடு ஒப்பிட்டு விலை அதிகம் என்பது?

அதனிடம் இருப்பது ஒரே ஒரு சொத்து: கணக்குப் புத்தகம். 2009 ஜனவரி 3-ம் தேதி முதல் பக்கம் எழுதப்பட்டது. அன்று முதல் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் வீதம், நடந்த ஒவ்வொரு கைமாற்றமும் அதில் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. நம் ஊரில் வீடு வாங்குபவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா? முப்பது ஆண்டுகளில் அந்த மனை யார் யார் கைக்குப் போனது என்று தெரிந்துவிடும். பிட்காயினின் பிளாக்செயின் என்பது உலகத்தில் உள்ள அத்தனை காசுக்கும் எடுத்து வைத்த வில்லங்கச் சான்றிதழ். பெயர் மட்டும் இருக்காது. முகவரி எண் இருக்கும். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். வேறு எந்தச் சந்தையிலும் இந்த வசதி கிடையாது. தங்கத்தை எல்லோரும் சராசரியாக என்ன விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் ரிசர்வ் வங்கிக்கும் தெரியாது, தெருமுனை நகைக்கடைக்காரருக்கும் தெரியாது.

இதை வைத்து என்ன செய்யலாம்? ஒரு தெருவில் பத்து வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசி வீடு போன மாதம் 1 கோடி ரூபாய்க்கு விலைபோனது. மறுநாளே மற்ற ஒன்பது வீட்டுக்காரர்களும் தங்கள் வீடும் 1 கோடி என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். தெருவின் மொத்த மதிப்பு 10 கோடி. இது பேச்சு விலை. ஒருவர் 1975-ல் சில ஆயிரத்துக்கு வாங்கியிருப்பார், இன்னொருவர் 1998-ல் எட்டு லட்சத்துக்கு வாங்கியிருப்பார். பத்து வீட்டின் பத்திரங்களையும் எடுத்து, அவரவர் கொடுத்த விலையைக் கூட்டினால் இரண்டரை கோடிதான் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அது பத்திர விலை. அந்தத் தெருவுக்குள் உண்மையில் வந்த பணம் அவ்வளவுதான்.

சந்தையில் 'மார்க்கெட் கேப்' என்று சொல்வது பேச்சு விலை. இருக்கிற எல்லாக் காசையும் இன்றைய விலையால் பெருக்குவது. பத்திர விலைக்கு 'ரியலைஸ்டு கேப்' என்று பெயர். 2018-ல் காயின் மெட்ரிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நிக் கார்ட்டரும் அந்துவான் லெ கால்வெஸும் இதை முன்வைத்தார்கள். ஒவ்வொரு காசும் கடைசியாக எந்த நாளில் நகர்ந்ததோ, அந்த நாள் விலையால் அதைப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினார்கள். அதைப் புழக்கத்தில் உள்ள காசுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் எல்லோரும் வாங்கிய சராசரி விலை கிடைக்கும். அதே ஆண்டு அக்டோபரில் முராத் மஹ்முதோவ், டேவிட் புவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேச்சு விலையைப் பத்திர விலையால் வகுத்து 'எம்.வி.ஆர்.வி' என்ற எண்ணை உண்டாக்கினார்கள். மேலே சொன்ன தெருவுக்கு இந்த எண் 4.

(நம் ஊர்ப் பத்திரத்தில் எழுதும் விலைக்கும் கையில் கொடுத்த விலைக்கும் என்ன உறவு என்பது தனிக் கதை. பிட்காயின் புத்தகத்திலோ விலை எழுதுவதே இல்லை. எத்தனை காசு, எந்த நேரம் என்பது மட்டும்தான் இருக்கும். அந்த நாளின் சந்தை விலையை ஆய்வாளர்கள்தான் பொருத்துகிறார்கள். அரசின் வழிகாட்டி மதிப்பைப் போட்டுக்கொள்வது மாதிரி. இதில் உள்ள சிக்கலுக்குப் பிறகு வரலாம்.)

எண் 1 என்றால் எல்லோரும் சராசரியாக வாங்கிய விலையிலேயே நிற்கிறார்கள். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 4 என்றால் சராசரி ஆள் போட்ட பணம் நான்கு மடங்காகி இருக்கிறது. அன்று 100 ரூபாய் கொடுத்து உள்ளே நுழைபவரின் பணத்தில், சராசரிக் கணக்குப்படி 25 ரூபாய்தான் முன்னவர் போட்ட முதல். மீதி 75 ரூபாய் அவருடைய லாபம். இவ்வளவு லாபத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விற்க ஆசை வராமல் இருக்குமா? எம்.வி.ஆர்.வி அளப்பது அந்த ஆசையைத்தான்.

பழைய கணக்கைப் பார்த்தால் விஷயம் புரியும். 2011 ஜூனில் பிட்காயின் 30 டாலரைத் தாண்டியபோது இந்த எண் 7-க்கு மேல் இருந்தது. நவம்பருக்குள் விலை 2 டாலர். 2013 கடைசியில் விலை 1,100 டாலரைத் தாண்டியபோது எண் 5-க்கு மேல். 2015 ஜனவரியில் விலை 200 டாலருக்கும் கீழே போனது. 2017 டிசம்பரில் 20 ஆயிரம் டாலரைத் தொடப்போன சமயத்தில் எண் நாலரையை ஒட்டி நின்றது. அடுத்த டிசம்பரில் 3,200 டாலர். நூறு ரூபாய் போட்டவருக்கு 16 ரூபாய் மிச்சம். வீட்டுக் கடனை எடுத்துப் போட்டவர்கள், கல்யாணத்துக்குச் சேர்த்ததைப் போட்டவர்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வந்தது எண் 1-ல் இருந்தபோது அல்ல. செய்தித்தாளின் முதல் பக்கத்தில் பிட்காயின் வந்தபோது.

கீழே போகும்போதும் இந்த எண் பேசியிருக்கிறது. 2015-ல் பல மாதங்கள், 2018 நவம்பரிலிருந்து 2019 வசந்தம் வரை, 2020 மார்ச்சில் கொரோனா பீதியில் சில நாள்கள், 2022 ஜூனிலிருந்து 2023 ஜனவரி வரை இடையில் சில வாரங்கள் நீங்கலாக, எண் 1-க்குக் கீழே கிடந்தது. அதாவது, சந்தையில் சராசரி ஆள் நஷ்டத்தில் இருந்தான். அந்த நாள்களில் வாங்கிப் பொறுத்திருந்தவர்கள் எல்லோரும் பின்னால் லாபம் பார்த்தார்கள். படித்தால் சுலபமாகத் தெரிகிறது. 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ் சந்தை திவாலாகி, அடுத்து எது விழும் என்று தெரியாமல் 16 ஆயிரம் டாலருக்கும் கீழே விலை ஆடியபோது வாங்கத் துணிந்தவர்கள் எத்தனை பேர்?

அந்த 2022-ல் பத்திர விலை காட்டிய இன்னொரு விஷயம் உண்டு. இந்த அளவுகோல்களில் மிக நேர்மையானது அதுதான். பேச்சு விலை தினமும் ஏறும், இறங்கும். அதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டாம். பத்திர விலை இறங்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர், அதிக விலைக்கு வாங்கியதைக் குறைந்த விலைக்குக் கைமாற்ற வேண்டும். நஷ்டத்தைக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 நவம்பர் உச்சத்திலிருந்து அடிமட்டம் வரை பேச்சு விலை முக்கால் பங்குக்கு மேல் கரைந்தது. பத்திர விலை குறைந்ததோ ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பெரும்பாலான காசு அசையவே இல்லை. அசைந்த காசில் பெரும்பகுதி, 50 ஆயிரம், 60 ஆயிரம் டாலருக்கு வாங்கிவிட்டு 20 ஆயிரத்துக்குக் கொடுத்துவிட்டு ஓடியவர்களுடையது. ஆய்வாளர்கள் 155 நாளை ஒரு கோடாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் நகரும் காசு புதியவர் காசு. அதைத் தாண்டி உறங்கும் காசு பழையவர் காசு. ஒவ்வொரு உச்சத்திலும் பழையவர் காசு புதியவர் கைக்குப் போகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் புதியவர்கள் சோர்ந்து கொடுப்பதைப் பொறுமைசாலிகள் வாங்கிப் பழையவர்களாக மாறுகிறார்கள். சந்தைச் சுழற்சி என்று பெரிய வார்த்தையில் சொல்வது இந்தக் கைமாற்றத்தைத்தான்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தால் எம்.வி.ஆர்.வி நல்ல பிள்ளை. ஆனால் அதற்கு ஒரு கோடு கிழித்துவிட்டார்கள். 3.7-க்கு மேல் போனால் விற்கும் காலம், 1-க்குக் கீழே வந்தால் வாங்கும் காலம். 2018-ல் அதை உண்டாக்கியவர்களே கொடுத்த கோடு அது. அப்போது அவர்கள் கையில் மூன்று உச்சங்களின் கதை முழுதாக இருந்தது. நடந்து முடிந்ததைப் பார்த்துக் கிழித்த கோடு நடந்து முடிந்ததற்குப் பொருந்துவதில் ஆச்சரியம் என்ன?

அடுத்த சுழற்சியில் கோட்டுக்குச் சோதனை வந்தது. 2021 தொடக்கத்தில் எண் 4-ஐ ஒட்டி ஏறியது. கோட்டை நம்பி விற்றவர்கள் ஐம்பதாயிரத்துச் சொச்சம் டாலரில் வெளியேறியிருப்பார்கள், நல்ல விலைதான். ஏப்ரலில் 64 ஆயிரம் வரை போன விலை, கோடையில் 30 ஆயிரத்துக்கு விழுந்து, மறுபடி ஏறி நவம்பரில் 69 ஆயிரத்தைத் தொட்டது. அதுவரை கண்ட விலையில் அதுதான் உச்சம். ஆனால் அப்போது எண் 3-ஐக்கூடத் தொடவில்லை. ஏன்? ஆண்டு முழுக்க மேல் விலையில் கைமாறிக்கொண்டே இருந்ததால் பத்திர விலையும் கூடவே ஏறிவிட்டது. 3.7 வரட்டும், விற்கலாம் என்று காத்திருந்தவர்கள் 16 ஆயிரம் வரை சறுக்கிக்கொண்டு போனார்கள்.

அதற்கடுத்தது இன்னும் மோசம். 2024 மார்ச்சில் 73 ஆயிரம் டாலர்; எண் 3-க்குக் கீழே. 2025 அக்டோபர் தொடக்கத்தில் 1 லட்சத்து 26 ஆயிரம் டாலர். அன்று எல்லோருடைய சராசரி வாங்கு விலை 55 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. எண் இரண்டரையைக்கூட எட்டவில்லை. அடுத்த மாதமே விலை 90 ஆயிரத்துக்குக் கீழே. 7, 5, நாலரை, 4, 3-க்குள், இரண்டரைக்குள் என்று ஒவ்வொரு உச்சமும் முந்தியதைவிடக் குட்டையாகிக்கொண்டே வருகிறது. காரணம் விளங்காதது அல்ல. பெட்டிக்கடையின் வியாபாரம் ஒரே ஆண்டில் ஏழு மடங்காகலாம். பெரிய ஜவுளிக்கடைக்கு அது நடக்காது. சில கோடி டாலர் வந்தாலே விலை பறந்த காலம் போய், இப்போது ஒரு படி ஏறவே ஆயிரக்கணக்கான கோடி டாலர் தேவைப்படுகிறது. நான்கைந்து உச்சங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அதுவும் ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத உச்சங்களை வைத்துக்கொண்டு, கோடு கிழிப்பது ஜாதகத்தைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஜாதகம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2019-ல் 'பிளான் பி' என்ற புனைபெயரில் ஒருவர் 'ஸ்டாக் டு ஃப்ளோ' என்ற கணக்கை வெளியிட்டார். புதிதாக உற்பத்தியாகும் பிட்காயின் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 2012, 2016, 2020, 2024 என்று இதுவரை நான்கு முறை குறைந்திருக்கிறது. வரத்து குறையக் குறைய விலை ஏறும் என்பது அவர் கணக்கு. கடந்தகால விலையோடு வரைபடம் அச்சுப் பிசகாமல் பொருந்தியது. 2021 முடிவதற்குள் 1 லட்சம் டாலர் என்றது கணக்கு. ஆண்டு முடிந்தபோது விலை 47 ஆயிரத்துக்கும் கீழே. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். வரத்தை மட்டும் பார்த்து, வாங்குகிறவன் பையைப் பார்க்காத கணக்கு அது. அந்த வகையில் எம்.வி.ஆர்.வி எவ்வளவோ தேவலாம். அதற்காவது வாங்கியவன் கொடுத்த விலை தெரியும்.

தெரியும் என்றால் முழுதாகத் தெரியுமா? முன்னே சொன்ன சிக்கல் இங்கே வருகிறது. அப்பா தன் வீட்டை மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கிறார். பணம் கைமாறவில்லை, ஆனால் பதிவேட்டில் புதுத் தேதி, புது மதிப்பு ஏறிவிடும். பிட்காயினிலும் அப்படியே. 2014-ல் திவாலான ஜப்பானின் மவுன்ட் காக்ஸ் சந்தையின் பொறுப்பாளர், கடன் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடாக, 2024 மே 28 அன்று சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பிட்காயின்களைப் புது முகவரிக்கு மாற்றினார். ஒரு காசுகூட அன்று விற்கப்படவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தைப் படிக்கும் அளவுகோலுக்கு, 900 கோடி டாலருக்கு மேல் கொடுத்து யாரோ வாங்கியதுபோலத் தெரியும். ஜூலை 4-ல் எட்டு வாலட்டுகள் அசைந்தபோதும் இதே கதை. விற்பனை பின்னால் நடந்தது. பத்திர விலை அன்றே ஏறிவிட்டது.

இதற்கு நேர்மாறானது பூட்டிய வீடுகள். உரிமையாளர் எங்கோ போய்விட்டார், வாரிசு இல்லை, சாவியும் இல்லை. பிட்காயினை உண்டாக்கிய சதோஷி நகமோட்டோவின் காசு 10 லட்சத்துக்கும் மேல் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அது நகரவே இல்லை. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஒருவர், சுமார் 8 ஆயிரம் பிட்காயினின் சாவி இருந்த ஹார்டு டிஸ்க் 2013-ல் குப்பையோடு போய்விட்டது என்று, குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு நீதிமன்றம் வரை போனார். 2025 ஜனவரியில் நீதிபதி மனுவைத் தள்ளிவிட்டார். இந்தக் காசெல்லாம் பேச்சு விலையில் முழு மதிப்போடு உட்கார்ந்திருக்கும். பத்திர விலையில் ஏறக்குறைய பூஜ்யம். எம்.வி.ஆர்.வி எப்போதும் சற்றுத் தூக்கியே காட்ட இதுவும் ஒரு காரணம்.

பெரிய மாற்றம் 2024 ஜனவரி 10-ல் வந்தது. பிட்காயினை வைத்து இ.டி.எஃப் நடத்த அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையம் அனுமதி கொடுத்தது. ஒரு கம்பெனி அந்தத் தெருவில் நான்கு வீட்டை வாங்கிப் பூட்டிவிட்டு, அவற்றின் மேல் பங்குகளை விற்பதுபோலத்தான் இது. பங்கு தினமும் பத்துக் கை மாறும். ஒருவர் லாபத்தில் விற்பார், ஒருவர் அலறியடித்து நஷ்டத்தில் விற்பார். பத்திரமோ அதே கம்பெனி பெயரில், அதே பழைய தேதியில் இருக்கும். அந்த இ.டி.எஃப்-கள் இன்று 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிட்காயின்களை வைத்திருக்கின்றன. கிரிப்டோ சந்தைகளுக்குள் நடக்கும் வாங்கல் விற்கலும் பெரும்பாலும் அந்தச் சந்தையின் சொந்தப் பேரேட்டில்தான், பிளாக்செயினுக்கு வராது. எல்லாம் தெரியும் புத்தகம் என்று பெயர். மிகவும் பரபரப்பான பக்கங்கள் அதில் இல்லை.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2017-ல் வில்லி வூ பிரபலமாக்கிய 'என்.வி.டி', மொத்த மதிப்பை ஒரு நாளில் கைமாறும் தொகையால் வகுக்கிறது. பங்கின் லாப விகிதத்தைப் போல என்றார்கள். ஒருவரே தன் இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றினாலும் கைமாற்றமாகிவிடுவதால், சொன்ன அளவுக்கு நிற்கவில்லை. டேவிட் புவெல் பெயரிலேயே ஒரு பெருக்கம் உண்டு. அன்று புதிதாக உற்பத்தியான காசின் மதிப்பை ஓராண்டுச் சராசரியோடு ஒப்பிட்டு, உற்பத்தி செய்யும் 'மைனர்'களுக்குக் கொழுத்த நாளா, பட்டினி நாளா என்று பார்ப்பது. 2019-ல் ரெனாடோ ஷிரகாஷி கொண்டுவந்த 'சோபர்', இன்று நகரும் காசு லாபத்தில் நகர்கிறதா, நஷ்டத்தில் நகர்கிறதா என்று மட்டும் சொல்லும். இவற்றில் எதைப் பார்த்தாலும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். எல்லாமே ஒரே புத்தகத்திலிருந்து வந்தவை என்பதால், புத்தகத்தில் இல்லாதது எத்தனை அளவுகோலைச் சேர்த்தாலும் தெரியாது.

ஆபத்து அதிகம் இருப்பது பிட்காயினில்கூட அல்ல, மற்ற காயின்களில். 1-க்குக் கீழே வந்தால் மலிவு என்ற பாடத்தை எல்லாக் காயினுக்கும் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் 'லூனா' என்ற காயின் 119 டாலருக்கு விற்றது. மே மாதத்தில் சில நாள்களுக்குள், அதனோடு பிணைத்திருந்த 'டெர்ரா' டாலரைத் தூக்கி நிறுத்துவதற்காகப் புதிய லூனாவை அச்சடித்துக்கொண்டே போனார்கள். சுமார் 35 கோடியாக இருந்த காசு ஆறரை லட்சம் கோடி ஆனது. விலை ஒரு சென்ட்டில் நூறில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அப்படிச் சரியும் காயின் வழி நெடுக 1-க்குக் கீழேதான் இருக்கும். வழி நெடுக மலிவாகத்தான் தெரியும். பிட்காயின் ஒவ்வொரு முறையும் எழுந்தது, 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் காசு உண்டாக முடியாது என்ற கட்டுப்பாட்டாலும், மறுபடி வாங்க ஆள் வந்ததாலும். அளவுகோலால் எழவில்லை. மொனேரோ போன்ற சில காயின்களில் தொகையும் முகவரியுமே மறைக்கப்படுவதால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. போட்டுக் காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் அவரிடமிருந்து தள்ளி நிற்பது நல்லது.

இப்போது யூடியூபிலும் டெலிகிராமிலும் இந்த வரைபடங்கள்தான் விற்பனைக்கருவி. கீழே பச்சை, மேலே சிவப்பு என்று வண்ணம் தீட்டிய படத்தைக் காட்டி, "இன்னும் சிவப்புக்கே வரலை, மேலே நிறைய இடம் இருக்கு" என்பார்கள். 2021 நவம்பரிலும் அந்தப் படம் சிவப்புக்கு வரவில்லை. 2025 அக்டோபரிலும் வரவில்லை. வண்ணம் தீட்டியவர் பிட்காயின் அல்ல, வலைத்தளம் நடத்துபவர். அந்தப் படத்தில் பயன்படக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதற்கு வண்ணமே தேவையில்லை. இன்றைய எண் என்ன என்று பார்த்து, 100 ரூபாயை அதால் வகுத்தால், முன்னே வந்தவர்கள் சராசரியாகப் போட்ட முதல் தெரிந்துவிடும். எண் 2.3 என்றால் 43 ரூபாய். மீதி 57 ரூபாய் அவர்கள் லாபம். அதைக் கொடுக்கச் சம்மதமா என்பதுதான் கேள்வி. பேரனின் படிப்புக்கு வைத்த பணமா, போனாலும் பரவாயில்லை என்ற பணமா என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எந்த வரைபடத்திலும் அது இருக்காது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவிகித வரி, அதன் மேல் 4 சதவிகித செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. விற்கும்போதெல்லாம் 1 சதவிகிதம் டி.டி.எஸ் பிடிப்பது அதே ஆண்டு ஜூலையில் வந்தது. அதைப் பிறகு வரியில் நேர் செய்துகொள்ளலாம். எண் 1-ல் இருந்தபோது 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கியவர், மதிப்பு 2 லட்சத்து 30 ஆயிரம் ஆனதும் உச்சம் இதுதான் என்று விற்கிறார் என்று கொள்வோம். லாபம் 1 லட்சத்து 30 ஆயிரம். வரி 40,560 ரூபாய். கையில் 1,89,440 ரூபாய். அவர் விற்ற அதே அளவு காசைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் விலை 18 சதவிகிதமாவது விழ வேண்டும். அதுவரை அவர் கணிப்பு சரியாக இருந்தும் பயனில்லை.

அதோடு, ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழித்துக்கொள்ள முடியாது. அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. பிட்காயினில் 1 லட்சம் லாபம், வேறொரு காயினில் 1 லட்சம் நஷ்டம் என்றால் ஆண்டு முடிவில் சம்பாதித்தது பூஜ்யம். கட்ட வேண்டிய வரி 31,200 ரூபாய்.